வெண்கலம் வாங்கினேன், ஃபைலில் நான்காம் இடம்: ஃபார்ம் 3க்காக ஏழு வாரம் அலைந்த அனுபவம்

ஜூடோவில் நான்காம் இடம் என்று ஒன்று கிடையாது. தங்கம் ஒன்று, வெள்ளி ஒன்று, வெண்கலம் இரண்டு. அதற்கு அடுத்தது நேராக ஐந்தாம் இடம், அதுவும் இரண்டு பேருக்கு. பதின்மூன்று வருஷமாக விளையாடுகிற எனக்கு, அரசு வேலைக்கான ஒரு சான்றிதழுக்காக இதை யாரிடமாவது நிரூபிக்க வேண்டியிருக்கும் என்று தோன்றியதே இல்லை.

ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். 48 கிலோவில் ஆரம்பித்து 52க்கு ஏறினேன். நடுவில் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன், ஒன்பது மாதம் மேட் பக்கமே போகவில்லை. திரும்பி வந்த பிறகு கிடைத்த ஒரே பெரிய பதக்கம் அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் வாங்கிய வெண்கலம். எடை பார்த்தது, கி (ஜூடோ உடை) அளந்தது எல்லாம் பிரச்சினையில்லாமல் முடிந்தது. காலிறுதியில் தோற்றேன், தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு தரும் ரெபசாஜ் சுற்றில் ஜெயித்து வெண்கலப் போட்டிக்கு வந்தேன்.

எதிரில் ஹரியானாப் பெண். இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு ஷிதோ, அதாவது தண்டனை. இன்னொன்று வாங்கினால் வெளியேற்றம். கடைசி நிமிஷத்தில் அவள் முதுகில் தூக்கிப்போட உள்ளே நுழைந்தாள், பிடி நழுவி முழங்காலில் விழுந்தாள். அப்படியே புரட்டிப் பக்கவாட்டில் அமுக்கினேன். இருபது விநாடி பிடித்தால் இப்போன், அதாவது அந்த இடத்திலேயே முழு வெற்றி. அவளுடைய காலர் ஓரம் என் தாடையில் உரசித் தோல் வழன்றது. அவள் இடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டாள். நான் ஸ்கோர்போர்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. எழுந்தபோது முழங்கால் வலிக்கவில்லை. அதற்குத்தான் அழுதேன்.

இனி காகிதத்துக்கு வருகிறேன். மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் பதக்கமோ மெரிட் சர்டிபிகேட்டோ மட்டும் போதாது. நாட்டுக்காக ஆடியவர்களுக்கு ஃபார்ம் 1, மாநிலத்துக்காக ஃபார்ம் 2, பல்கலைக்கழகத்துக்காக ஃபார்ம் 3, பள்ளி அளவில் தேசியப் போட்டிக்கு ஃபார்ம் 4. ஃபார்ம் 3ஐப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்குப் பொறுப்பான அதிகாரி தர வேண்டும். அதில் ‘பெற்ற இடம்’ என்று ஒரு வரி இருக்கும். முன்னுரிமை முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது. மூன்றாம் இடம் வரைக்கும் ஒரு வரிசை. அதற்குக் கீழே என்றால் ‘கலந்துகொண்டவர்’ ஆகி வரிசையின் கடைசிக்குப் போய்விடுவோம்.

பல்கலைக்கழகத்துக்கு எங்கள் ஊரிலிருந்து நான்கு மணி நேரம் பஸ். முதல் தடவை மனு கொடுத்தேன், இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். இரண்டாவது தடவை கவரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில் பிரித்துப் பார்த்தால் ‘பெற்ற இடம்: நான்காம் இடம்’. வயிற்றில் யாரோ குத்திய மாதிரி இருந்தது. தயவுசெய்து எந்தச் சான்றிதழையும் கவுண்டரிலேயே பிரித்து, பெயர், அப்பா பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் படித்த பிறகு நகருங்கள். நான் அதைச் செய்திருந்தால் ஒரு நாளும் பஸ் காசும் மிச்சம்.

மறுநாள் போனேன். செக்‌ஷனில் இருந்தவர், “ரெக்கார்டுல அப்படித்தான்மா இருக்கு” என்று ஃபைலைத் திருப்பிக் காட்டினார். போட்டி முடிவுத் தாளின் ஜெராக்ஸ். வரிசை எண் 1, 2, 3, 4 என்று நான்கு பெயர்கள், நான்காவது என் பெயர். வலது ஓரத்தில் பதக்கம் எழுதியிருந்த கட்டம் ஜெராக்ஸ் எடுக்கும்போது வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வரிசை எண்ணையே இடம் என்று எடுத்து டைப் செய்துவிட்டார்கள். மெரிட் சர்டிபிகேட்டை நீட்டினேன், அதில் மூன்று என்று கையால் எழுதியிருந்தது. “அது அவங்க குடுத்தது. நாங்க எங்க ஃபைல்ல இருக்கறதைத்தான் குடுக்க முடியும்” என்றார். கோபம் வந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. அலுவலக ஆவணங்களின் அடிப்படையில் தரப்படுகிறது என்று அந்தப் படிவத்திலேயே அச்சடித்திருக்கும். அதனால் சான்றிதழைத் திருத்தச் சொல்லிக் கெஞ்சுவதில் பயனில்லை, முதலில் ஃபைலைத் திருத்த வேண்டும். இது புரியவே எனக்கு மூன்று பயணம் ஆனது.

அடுத்து நான் செய்தது பெரிய தப்பு. இன்னொரு வெண்கலம் வாங்கிய கேரளப் பெண்ணை வாட்ஸ்அப்பில் பிடித்து, அவளுடைய ஃபார்ம் 3 நகலை வாங்கினேன். அதில் மூன்றாம் இடம் என்று தெளிவாக இருந்தது. அதைக் கொண்டுபோய்க் காட்டினால், “அப்போ மூணாவது இவங்கதானேம்மா? நீங்க நாலுதான்” என்று முடித்துவிட்டார். என் கையாலேயே எனக்கு எதிரான ஆதாரத்தைக் கொடுத்துவிட்டு நின்றேன். இரண்டு பேருக்கும் மூன்றாம் இடம் என்று ஒரே தாளில் இருக்கிற ஆதாரம்தான் வேண்டும். தனித்தனிச் சான்றிதழ் எத்தனை சேர்த்தாலும் உதவாது.

அடுத்த தடவை 2024 பாரிஸ் ஒலிம்பிக் முடிவை அச்செடுத்துக் கொண்டுபோனேன். என்னுடைய அதே 52 கிலோ பிரிவு. தங்கம் உஸ்பெகிஸ்தானின் தியோரா கெல்தியோரோவா, வெள்ளி கொசோவோவின் டிஸ்ட்ரியா கிராஸ்னிச்சி, வெண்கலம் பிரான்ஸின் அமாண்டின் புஷார், பிரேசிலின் லாரிசா பிமென்டா இருவருக்கும். அவர் உண்மையிலேயே பொறுமையாகப் படித்தார். பிறகு, “ஒலிம்பிக்ஸ்ல அப்படி இருக்கலாம்மா. இந்தப் போட்டியில அப்படின்னு யாராவது எழுதிக் குடுக்கணும்ல?” என்றார். எனக்கு வழி காட்டியது அந்தக் கேள்விதான்.

போட்டி நடத்திய பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறைக்கு மெயில் அனுப்பினேன். பதில் இல்லை. எங்கள் மாஸ்டர் அங்கே இருந்த ஒரு பயிற்சியாளரைப் போனில் பிடித்துப் பேசிய பிறகுதான் வேலை நடந்தது. கேட்டது இரண்டே: 52 கிலோ பிரிவின் முழு டிரா ஷீட் (யார் யாரோடு மோதினார்கள், யார் ஜெயித்தார்கள் என்ற அட்டவணை), கூடவே ஒரு கடிதம். கடிதத்தில் என்ன வரி வேண்டும் என்று நானே எழுதி அனுப்பினேன்: ‘போட்டி விதிப்படி இப்பிரிவில் இரண்டு மூன்றாம் இடங்கள் வழங்கப்பட்டன, நான்காம் இடம் வழங்கப்படவில்லை.’ கேட்கிற வரியை நாமே எழுதிக் கொடுத்தால்தான் அந்த வரி அப்படியே வரும். மெயிலில் வந்த நகல் செல்லாது, கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல் வேண்டும் என்றார்கள். ஸ்பீட் போஸ்டில் வர பதினொரு நாள் ஆனது. விண்ணப்பக் கடைசித் தேதிக்கு அப்போது ஒன்பது நாள் இருந்தது.

அசலோடு ஓடினால், கையெழுத்துப் போட வேண்டிய விளையாட்டு இயக்குநர் விடுப்பில். அவர் இடத்தில் இருந்தவர், “நானே போட்டுத் தர்றேன்மா” என்று பேனாவை எடுத்துவிட்டார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் படிவத்தின் அடியில் ஒரு குறிப்பு உண்டு: விளையாட்டுக்குப் பொறுப்பான இயக்குநரோ அதிகாரியோ தானே கையெழுத்திட்டால்தான் செல்லும். இயக்குநருக்காக இன்னொருவர் போட்ட கையெழுத்தைச் சரிபார்ப்பில் தள்ளிவிட்டால் எல்லாம் வீண். “பரவாயில்ல சார், திங்கட்கிழமை வர்றேன்” என்று வெறுங்கையோடு பஸ் ஏறினேன். நல்ல வேளை அன்றைக்கு அவசரப்படவில்லை.

திங்கட்கிழமை இயக்குநர் டிரா ஷீட்டை மேஜையில் விரித்து, இரண்டு வெண்கலப் போட்டிகளையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். “பாக்ஸிங்லயும் ரெண்டு வெண்கலம்தானே. இதுக்கா இந்தப் பொண்ணை இத்தனை தடவை அலைய விட்டீங்க?” என்று கேட்டுவிட்டு, ஃபைலில் பச்சை மையில் குறிப்பு எழுதினார். பத்து நிமிஷத்தில் புது ஃபார்ம் 3 கையில். கவுண்டரிலேயே நின்று மூன்று முறை படித்தேன். கடைசித் தேதிக்கு நான்கு நாள் மிச்சம்.

இன்னும் ஒன்று. இனிஷியல் ஆதாரில் பெயருக்குப் பின்னால், மெரிட் சர்டிபிகேட்டில் முன்னால் என்று இருந்தால் போட்டி முடிந்த அன்றே திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பதக்கம் வாங்கி இறங்கியதும் சுவரில் ஒட்டியிருக்கும் டிரா ஷீட்டை நான்கு மூலையும் தெரிகிற மாதிரிப் படம் எடுங்கள், எல்லோரும் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே முத்திரை வைத்த நகல் கேளுங்கள். அன்றைக்குக் கேட்டால் ஐந்து நிமிஷ வேலை.

போன வாரம் சான்றிதழ் சரிபார்ப்பு. அங்கிருந்த அதிகாரியும் அதே கேள்வியைக் கேட்டார்: “மூணாவது ரெண்டு பேரா?” நான் பேசவே இல்லை, கடிதத்தையும் டிரா ஷீட்டையும் எடுத்து வைத்தேன். படித்தார், நகலை வாங்கிக் கோர்த்துக்கொண்டார், டிக் அடித்தார். வெளியே வந்ததும் இரண்டையும் கேரளப் பெண்ணுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். அவளுக்கு அடுத்த மாதம் சரிபார்ப்பு. அவளிடமும் இதைத்தான் கேட்பார்கள்.