பிரித்து வைப்பது யார்? ஒரு பயிற்சி விமானியின் நாட்குறிப்பு

ஜூன் 3

கட்டுப்பாட்டின் அளவைப் பொறுத்து வானத்தைப் பிரித்திருக்கும் வான்வெளி வகுப்புகளை மனப்பாடம் செய்ததில் மூன்று நாள் போய்விட்டது. ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி. மொத்தம் ஏழு எழுத்து. பெரிய தாளில் கட்டம் போட்டு, பச்சையும் சிவப்புமாக மையில் நிரப்பி, எனக்குப் பறக்கக் கற்றுத்தரும் மேடத்திடம் பெருமையோடு நீட்டினேன்.

பார்த்தார். "அழகா இருக்கு. சுவத்துல ஒட்டிக்கோ" என்றார். அப்புறம் என் பேனாவை வாங்கி, தாளைத் திருப்பி, பின்பக்கம் ஒரு வரி எழுதினார்: 'உன்னைப் பிரித்து வைப்பது யார்?'

ஏழு எழுத்தும் இந்தக் கேள்விக்கு ஏழு விதமான பதில்கள், அவ்வளவுதானாம். ஏ-யில் என்னைப் போலக் கண்ணால் பார்த்துப் பறக்கும் விஎஃப்ஆர் ஆசாமிகளுக்கு இடமே இல்லை. எல்லாரும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் ஐஎஃப்ஆர், எல்லாரையும் தரையிலிருந்து வழிநடத்தும் கன்ட்ரோலர் மோதாதபடி பிரித்து வைக்கிறார். பி-யில் நானும் நுழையலாம், என்னையும் மற்ற எல்லாரிடமிருந்தும் பிரித்து வைப்பார்கள். சி-யில் ஐஎஃப்ஆர் விமானங்களிடமிருந்து மட்டும் பிரிப்பார்கள். எதிரே இன்னொரு விஎஃப்ஆர் வந்தால் 'அங்கே ஒருவர் வருகிறார்' என்ற தகவலோடு சரி. டி-யில் உள்ளே போக அனுமதி வாங்கியாக வேண்டும், ஆனால் யாரிடமிருந்தும் என்னைப் பிரிக்க மாட்டார்கள். ஈ-யில் எனக்கு அனுமதியும் வேண்டாம், ரேடியோகூடக் கட்டாயமில்லை. எஃப் என்பது ஐஎஃப்ஆர்காரர்களுக்கு ஆலோசனை கிடைக்கும் இடம். ஜி-யில் கேட்டால் தகவல் தருவார்கள், கட்டுப்பாடு கிடையாது.

இது ஐக்காவோ என்ற சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 11-ஆம் இணைப்பில் உள்ள பொது ஏற்பாடு. எல்லா நாடும் எல்லா எழுத்தையும் பயன்படுத்துவதில்லை. சில நாடுகள் தங்களுக்கென்று விதிவிலக்கும் வைத்திருக்கின்றன. எங்கே பறக்கிறோமோ அந்த நாட்டின் ஏஐபி-யை, அதாவது வான்வழித் தகவல் தொகுப்பை, பார்க்காமல் இந்தத் தாளை மட்டும் நம்பக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

'ஈ' என்று எழுதும்போதெல்லாம் எனக்குப் பறக்கிற ஈதான் ஞாபகம் வருகிறது. இதை மேடத்திடம் சொல்லவில்லை.

ஜூன் 5

இன்று எண்கள். விஎஃப்ஆராகப் பறக்கக் குறைந்தபட்சம் இருக்க வேண்டிய வானிலை. 10,000 அடிக்குக் கீழே பார்வைத் தூரம் 5 கி.மீ., மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டர், மேலும் கீழும் 1,000 அடி. 10,000 அடிக்கும் அதற்கு மேலும் பார்வைத் தூரம் 8 கி.மீ. ஆகிவிடும். எஃப், ஜி வகுப்புகளில் தாழப் பறந்தால், அதாவது கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி அல்லது தரையிலிருந்து 1,000 அடி, இரண்டில் எது உயரமோ அதற்குள் இருந்தால், பார்வைத் தூரம் அதே 5 கி.மீ., மேகத்துக்குள் போகாமல் தரை தெரிந்தால் போதும்.

மேலே மட்டும் ஏன் 8? காற்று சுத்தமாக இருக்கும் என்பதாலா என்று கேட்டேன். மேடம் பதில் சொல்லாமல் கால்குலேட்டரைத் தள்ளினார். நான் 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்), எதிரே வருபவர் 100 நாட். நொடிக்கு 103 மீட்டர் வீதம் நெருங்குகிறோம். 5 கி.மீ. தீர 48 நொடி. எதிரே வருபவர் 250 நாட் என்றால் 28 நொடிகூட இல்லை. 10,000 அடிக்குக் கீழே பெரும்பாலான வகுப்புகளில் விஎஃப்ஆர் விமானத்துக்கு 250 நாட் என்று உச்சவரம்பு வைத்திருப்பதற்குக் காரணம் அந்த 28 நொடிதான். அதற்கு மேலே வேக வரம்பு விட்டுப்போகிறது, அதனால் தூரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அட்டவணையில் தனித்தனிக் கட்டத்தில் கிடந்த இரண்டு எண்கள் இப்போதுதான் ஒன்றோடொன்று பேசுகின்றன.

ஜூன் 9

பறக்கவில்லை. மேடமும் நானும் சார்ட்டை, வான்வெளி வரைபடத்தை, விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கன்ட்ரோல் ஸோன் தரையிலிருந்தே எழும்பி நிற்கும். கன்ட்ரோல் ஏரியா அப்படியல்ல, பரண் மாதிரி மேலே இருக்கும், கீழே இடம் காலி. அந்தக் காலி இடத்தில் நுழைந்து போவதுதான் நம்மைப் போன்றவர்களின் பிழைப்பு.

பரண் 2,500 அடியில் ஆரம்பிக்கிறது, நான் 2,400-இல் போகிறேன், சரிதானே என்றேன். "உன் ஆல்டிமீட்டர்ல என்ன வெச்சிருக்கே?" என்றார். அந்த உயரமானி காற்றழுத்தத்தை வைத்துத்தான் உயரம் காட்டும். 1013 என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். இன்றைய க்யூஎன்ஹெச், அதாவது கடல் மட்டத்துக்குக் கணக்கிட்ட காற்றழுத்தம், 1023 என்றால்? ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 27 அடி. முள் 2,400 காட்டும்போது நான் 2,670-இல், பரணுக்குள் இருப்பேன். அனுமதியில்லாமல், எதுவும் தெரியாமல், நேர்கோட்டில் ஒழுங்காகப் பறந்துகொண்டே.

இதையெல்லாம் விட பி (P), ஆர் (R), டி (D) என்று மூன்று எழுத்துகள் தனியாக வந்து குழப்பின. இவை தடை செய்யப்பட்ட பகுதி, கட்டுப்படுத்தப்பட்ட பகுதி, அபாயப் பகுதி. சார்ட்டில் 'டி' என்று பார்த்தால் அது வகுப்பு டி-யா, அபாயப் பகுதியா என்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெயர் வைத்தவர்களுக்கு வேறு எழுத்தே கிடைக்கவில்லையா?

ஜூன் 12

இன்றைய பறத்தலை விரிவாக எழுதி வைக்க வேண்டும், வெட்கமாக இருந்தாலும்.

டி வகுப்பு ஸோனைக் குறுக்கே கடக்க வேண்டும். எல்லைக்கு 5 மைல் முன்பே கன்ட்ரோல் டவரை அழைத்தேன். என் அழைப்புக் குறியைச் சொல்லி "ஸ்டாண்ட்பை" என்றார்கள். பதில் வந்துவிட்டதே என்ற நிம்மதியில் அதே திசையில் போய்க்கொண்டிருந்தேன். மேடம் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். இந்த மௌனம் எனக்குப் பழக்கம். எல்லைக்கு ஒரு மைல் இருக்கும்போது உறைத்தது. 'பொறு' என்று சொன்னார்களே தவிர 'வா' என்று சொல்லவில்லை. வெளியிலேயே ஒரு வட்டம் அடித்தேன். பாதி வட்டத்தில் கிளியரன்ஸ் வந்தது, 1,500 அடியில் கடக்கச் சொல்லி. அதை அப்படியே ரேடியோவில் திருப்பிச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதோடு முடிந்திருந்தால் நல்ல நாள். இரண்டு நிமிடத்தில் டவர் மறுபடி கூப்பிட்டது: இரண்டு மணி திசையில் (கடிகாரத்தில் போல, வலது முன்பக்கம்) 3 மைலில் ஒரு செஸ்னா விமானம், வலமிருந்து இடமாகக் கடக்கிறது, அதே உயரம். "ரோஜர்" என்றேன். அப்படியே தலையைக் குனிந்து மேப்பில் அடுத்த திருப்பத்தைத் தேட ஆரம்பித்தேன்.

"பாத்துட்டியா?"

"இல்ல மேடம். டவர் பாத்துக்குவாங்க."

வாயை விட்டு வெளியே வந்ததுமே தாளின் பின்பக்கம் கண்முன் வந்து நின்றது. மேடம் கேட்கவே இல்லை, கேட்ட மாதிரி இருந்தது. டி வகுப்பு. நானும் விஎஃப்ஆர், செஸ்னாக்காரரும் விஎஃப்ஆர். டவர் தன் வேலையை முடித்துவிட்டது, தகவலைச் சொல்லிவிட்டது. மீதி என் கண்ணுக்கு.

வலப்பக்கம் தேடினேன். ஒன்றும் இல்லை. மேடம் என் தோளைத் தொட்டு முன்னால் சாயச் சொன்னார். சாய்ந்தேன். கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவில் இருக்கும் தூணுக்குப் பின்னாலிருந்து அது வெளியே வந்தது. வெள்ளையாக, இறக்கைகூடத் தெரியும் அளவில். இத்தனை நேரமும் அந்தத் தூணுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. நகர்ந்திருந்தால் தூணைத் தாண்டி வந்திருக்கும், எப்போதோ பார்த்திருப்பேன். நகராததால்தான் ஆபத்து. நம் கண்ணாடியில் இடம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே வருவதுதான் நம்மீது மோத வருவது.

செஸ்னாக்காரர் என் வலப்பக்கம் இருக்கிறார், அதனால் விலக வேண்டியது நான். "டிராஃபிக் இன் சைட்" என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பி, அவருக்குப் பின்னால் கடந்தேன். கை நடுக்கம் இறங்கும் வரை இருந்தது.

விமானத்தை நிறுத்திய பிறகு மேடம் சொன்னது ஒன்றே ஒன்று: "கண்ணாடியத் தொடைச்சுட்டுப் போ."

ஜூன் 13

ராத்திரி தூக்கம் வரவில்லை. செரிடோஸ் விபத்தைப் பற்றிப் படித்தேன். 1986 ஆகஸ்ட் 31, லாஸ் ஏஞ்சலஸ் அருகே. தெளிவான வானம். ஒரு சிறிய பைப்பர் ஆர்ச்சர், அனுமதி வாங்காமல் விமான நிலையத்தைச் சுற்றியிருந்த கட்டுப்பாட்டு வெளிக்குள் நுழைந்துவிட்டது. அதில் உயரத்தைச் சொல்லும் மோட் சி வசதி இல்லை. இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோ டிசி-9 விமானத்தின் வாலில் மோதியது. டிசி-9இல் 64 பேர், பைப்பரில் 3 பேர், தரையில் 15 பேர், மொத்தம் 82 பேர் இறந்தார்கள். பார்த்து விலகுவது என்ற முறைக்கே எல்லை உண்டு என்பதை விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

இந்த ஏ, பி, சி பெயர்கள் அப்போது அங்கே இல்லை. ஐக்காவோ இவற்றை 1990-இல் கொண்டுவந்தது, அமெரிக்கா 1993-இல் இதற்கு மாறியது.

என்னை உறுத்துவது பைப்பர் விமானி அல்ல. டிசி-9இல் இருந்தவர்களுக்கும் கண் இருந்தது. கன்ட்ரோலரும் இருந்தார்.

ஜூன் 17

மேகம் 800 அடியில். டி வகுப்பு ஸோனில் 'ஸ்பெஷல் விஎஃப்ஆர்' கேட்டு வாங்கலாமே என்று மேதாவித்தனமாகச் சொன்னேன். அது வானிலை அந்தக் குறைந்தபட்ச எண்களுக்குக் கீழே போனாலும் விஎஃப்ஆராகப் பறக்க, கன்ட்ரோல் ஸோனுக்குள் மட்டும், கன்ட்ரோலர் தரும் தனி அனுமதி. உனக்கு இல்லை என்றார் மேடம். அதற்குப் பதிலாக நேற்று முன்தினம் வெயிலில், வெளியே தெரியாமல் மறைக்கும் ஹூட் மாட்டிவிட்டு, கருவிகளையும் மூடி, நேராகப் பறக்கச் சொன்னதை ஞாபகப்படுத்தினார். நேராகத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்திருப்பேன். ஹூட்டைக் கழற்றியபோது இறக்கை 40 டிகிரி சாய்ந்திருந்தது, மூக்கு கீழே.

1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் இருபது பேரை வைத்து இதேபோல் சோதித்தார்கள். கருவிகளைப் பார்த்து ஓட்டிப் பழகாதவர்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 நொடியில்.

ஜூன் 20

ரேடியோ செத்துப்போனால் என்ன செய்வது என்று பாடம். ரேடாருக்கு நம்மை அடையாளம் காட்டும் கருவியில் 7600 என்ற குறியீடு (ஸ்குவாக் 7600), பிறகு டவரிலிருந்து வரும் விளக்கு. பச்சை நிலையாக இருந்தால் இறங்கு. பச்சை விட்டு விட்டு வந்தால் இறங்கத் திரும்பி வா. சிவப்பு விட்டு விட்டு வந்தால் இங்கே இறங்காதே. சிவப்பு நிலையாக இருந்தால்? "நில்" என்றேன். "வானத்துலயா?" என்று சிரித்தார். வழிவிட்டு, சுற்றிக்கொண்டே இரு. சாலையில் வளர்ந்த மூளைக்கு இது ஏற மறுக்கிறது.

ஜூன் 24

பயிற்சிப் பகுதியில் தனியாக. ஜி வகுப்பு, 2,000 அடி. காதில் ஒரு சத்தமும் இல்லை. முன்பெல்லாம் இந்த அமைதி சுகமாக இருக்கும். இன்று, எனக்காக யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதன் சத்தமாகக் கேட்டது.

இருபதாவது நிமிடம், பத்து மணி திசையில் ஒரு புள்ளி. கண்ணாடியைக் காலையில் நானே துடைத்திருந்தேன். ஆனாலும் ஏதோ ஓர் ஈ அடிபட்டு ஒட்டியிருக்கலாம். மேடம் சொல்லிக்கொடுத்த மாதிரி தலையை இடமும் வலமும் அசைத்தேன். கண்ணாடியில் ஒட்டியது என்றால் அது அடிவானத்தின் மேல் தாவும். இது தாவவில்லை. தூணைத் தாண்டியும் நகரவில்லை.

அவர் என் இடப்பக்கம், விலக வேண்டியது அவர். நான் திசையும் வேகமும் மாற்றாமல் போக வேண்டும், விதி அப்படி. மூன்று வரை எண்ணினேன். அவர் மாறவில்லை. முன்னுரிமை இருந்தாலும் மோதலைத் தவிர்க்கும் பொறுப்பு தீராது என்று அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. முதலில் இடது இறக்கையைத் தூக்கி அடியில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, அவர் வாலைக் குறிவைத்து இடப்பக்கம் திரும்பினேன். நீலக்கோடு போட்ட விமானம், என் மூக்குக்கு முன்னால் நேராகக் கடந்து போனது. உள்ளே ஒரு தலை குனிந்திருந்தது, மடியில் ஏதோ காகிதத்தைப் பார்த்தபடி.

இறங்கி, லாக் புக்கில் 1.1 மணி நேரம் எழுதிக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தர்."

"பாத்தாரா உன்ன?"

"இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு துணியை எடுத்துக்கொண்டு விமானத்துக்குப் போனேன்.