புதருக்குள் ஒரு கன்று

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வறண்ட மேட்டில், சாம்பல் நிற சேஜ்பிரஷ் புதருக்குள்ளிருந்து ஒரு பச்சைக் குருத்து. முழங்கால் உயரம்தான். மேற்கத்திய ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரத்தின் கன்று.

யாரும் நட்டதல்ல. ஜூனிப்பர் பழம் தின்ற ராபின் பறவை, புதரில் உட்கார்ந்து எச்சமிட்டிருக்கும். (பழம் என்கிறோம், உண்மையில் அது சதைப்பற்றான கூம்பு.) புதர் நிழலில் கன்று பிழைக்கும். வளர்ந்ததும், நிழல் கொடுத்த புதரையே சாகடிக்கும்.

புளூபஞ்ச் வீட்கிராஸ், ஐடஹோ ஃபெஸ்க்யூ போன்ற கொத்துப் புற்கள் அடர்ந்திருந்த காலத்தில் தீ அவ்வப்போது ஓடி, கன்றுகளைப் பொசுக்கியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கால்நடைகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. எரியப் புல் இல்லை, தீயும் இல்லை. ஜூனிப்பர் பரவியது.

புதரைக் காக்க ஜூனிப்பரை வெட்டலாம், அதற்காக எல்லாவற்றையும் வெட்டக் கூடாது. கூர் உச்சி இளசு. தட்டை உச்சி, ஆழமாக வெடித்த செந்நிற மரப்பட்டை, காய்ந்த கிளையில் பாசிபோல் படர்ந்த மஞ்சள்பச்சை லைக்கன் என்றிருந்தால் கிழம். தீ எட்டாத பாறைமேட்டில் 1000 ஆண்டு தாண்டியவையும் உண்டு. அதைத் தொடாதீர்கள்.

இளசை அடிக்கிளைக்கும் கீழே அறுக்க வேண்டும். அடிமரம் துளிர்க்காது, ஆனால் ஒரு பச்சைக் கிளை தங்கினாலும் மரம் எழுந்துவிடும்.

அறுக்குமுன் தரையைப் பாருங்கள். கொத்துப் புல் அருகியிருந்தால், கிடைத்த வெளிச்சத்தையும் ஈரத்தையும் சீட்கிராஸ் என்ற களைப்புல் பிடித்துக்கொள்ளும். இலையுதிர் காலத்தில் முளைத்து, கோடை தொடங்கும்போதே காய்ந்து பஞ்சாகக் கிடக்கும். ஒரு பொறி போதும்.