போட்ஸி நாணயம்தானா?

பிப்ரவரி 4
நண்பர் ஒருவர் சிசிலியில் இருந்த கிரேக்க நகரமான சிராகூஸின் வெள்ளி நாணயம் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். கி.மு. 5ஆம் நூற்றாண்டு டெட்ராட்ராக்ம், அதாவது நாலு டிராக்மா காசு. ஒரு பக்கம் நாலு குதிரை பூட்டிய ரதம், மறுபக்கம் டால்பின்கள் சூழ நீரூற்றுத் தேவதை அரெத்தூசாவின் தலை. கூடவே பழுப்பேறிய ஒரு சீட்டு: ‘போட்ஸி, 1921’. அந்தச் சீட்டால்தான் விலையே ஏறியிருக்கிறது.

பிப்ரவரி 6
சாமுவேல் போட்ஸி பாரிஸின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர். 1918இல் அவருடைய நோயாளி ஒருவரே அவரைச் சுட்டுக் கொன்றார். அவர் சேர்த்த கிரேக்க நாணயங்களை நவீல் நிறுவனம் 1921இல் லூசர்னில் ஏலம் விட்டது. அந்தப் பெயருக்கு இன்றும் மவுசு. பெருமை மட்டும் காரணமல்ல: கலைப்பொருள் கடத்தலைத் தடுக்க வந்த 1970 யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே சந்தையில் இருந்தது என்று காட்டிவிட்டால், திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்ததோ என்ற சந்தேகம் பெருமளவு அடங்கும்.

பிப்ரவரி 9
அந்த 1921 ஏலப் பட்டியலின் படப்பக்கங்களோடு உட்கார்ந்தேன். பழைய பட்டியல்களில் பெரும்பாலும் நாணயத்தை பிளாஸ்டரில் பதித்து, அந்த வார்ப்பைத்தான் படம் எடுத்திருப்பார்கள். நிறம், கறை எதுவும் தெரியாது. விளிம்பைத்தான் நம்ப வேண்டும். கையால் அடித்த நாணயம் தோசை மாதிரி, ஒன்றின் ஓரம் இன்னொன்றுக்கு வராது. ஒரே அச்சில் பல நாணயங்கள் அடித்திருப்பார்கள் என்பதால், முகம் ஒத்துப்போவதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. நண்பர் பார்த்த நாணயத்தில் வலது மேல் ஓரத்தில் ஒரு வெடிப்பு. பக்கத்து டால்பினின் வால் விளிம்புக்கு வெளியே போய்விட்டது. போட்ஸி பட்டியலில் அதே அச்சு இருக்கிறது, ஆனால் டால்பின் முழுசாக இருக்கிறது. வெடிப்பு பிறகு வந்திருக்கலாம், சரி. வட்டத்துக்குள் இருந்த வால் எப்படி வெளியே போகும்?

பிப்ரவரி 10
“சீட்டு பழசுதானே?” என்கிறார் நண்பர். பழசாகவே இருக்கட்டும், இந்த நாணயத்தின் சீட்டா அது? 2020இல் லண்டனில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போன சீசர் கொலையைக் குறிக்க புரூட்டஸ் வெளியிட்ட ‘ஈத் மார்’ பொற்காசுக்குச் சொன்ன பூர்வீகமே, அதாவது முன்பு யார் யாரிடம் இருந்தது என்ற விவரமே கட்டுக்கதை. 2023இல் அதை கிரேக்கத்திடம் திருப்பிக் கொடுத்தார்கள். படம் இல்லாத பூர்வீகத்துக்கு நான் ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டேன்.

பிப்ரவரி 17
அகப்பட்டது! 1950களின் பாசல் ஏலப் பட்டியல் ஒன்றில், அதே வெடிப்பு, அதே வாலில்லாத டால்பின். எடையும் பொருந்துகிறது. 1970க்கு முந்தையதுதான், பெரிய பெயர்தான் இல்லை. விற்றவர் யார் என்று பட்டியல் சொல்லவில்லை. விலையையும் வாங்கியவர் பெயரையும் யாரோ ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்த பிரதிகள் சில நூலகங்களில் உண்டு. அப்படி ஒன்று இருக்கிறதா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். நண்பர் அதற்குள் விலையைக் குறைக்கப் போய்விட்டார்.