ஒரு வீடல்ல, ஒரு வரிசை

வேல்ஸின் மேற்குக் கரையில், கார்டிகன் விரிகுடாவின் ஓரம் இருக்கும் சின்னத் துறைமுக ஊர் அபெரைரன். பழைய கட்டடங்களைப் பழுது பார்க்கும் தொழிலில் என் எண்ணத்தை மாற்றியது அங்கே சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றுதான்.

அது தானாக வளர்ந்த ஊர் இல்லை. 1807-இல் அல்பன் தாமஸ் ஜோன்ஸ் க்வின் என்ற பாதிரியார், நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றச் செய்து அங்கே துறைமுகம் கட்ட உரிமை பெற்றார். அதன் பிறகு கோடு கிழித்தாற்போலத் தெருக்கள் வந்தன. அவர் பெயரில் சதுக்கமும் வந்தது. லண்டனின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஜான் நாஷ் வரைந்த ஊர் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குச் சான்று கிடையாது. ஷ்ரூஸ்பரியின் கட்டடக் கலைஞர் எட்வர்ட் ஹேகாக்குக்குப் பங்கு உண்டு.

தெருவில் நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்கு. மேலே போகப் போக உயரம் குறையும் ஜன்னல்கள், ஸ்லேட் கூரை, வழவழப்பான பூச்சு. சில முகப்புகளில் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கோடு கீறி, செதுக்கிய கல் அடுக்கியதுபோலக் காட்டியிருப்பார்கள். இன்று ஊருக்கே அடையாளமாகிவிட்ட நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் பின்னால் வந்தவை. இந்த ஊர் எழுந்த ரீஜென்சி காலத்துக்கு, அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு, பிடித்தது கல்லின் நிறம்தான்.

அந்தப் பூச்சை நான் முதலில் அலங்காரமாகத்தான் பார்த்தேன். சுவரைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. உள்ளே இருப்பது உள்ளூர்க் கரட்டுக்கல். செதுக்க ஒத்துவராத, ஒழுங்கான முகமில்லாத கல். அரை மீட்டருக்கு மேல் தடிமனாக அடுக்கி, இடைவெளியைச் சுண்ணாம்புச் சாந்தால் நிரப்பியிருந்தார்கள். அட்லாண்டிக் மழை சாய்ந்து அடிக்கும் கரையில் அப்படியொரு சுவருக்குப் பூச்சுதான் மழைக்கோட்டு.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பதும் துறைமுகத்தின் கதையே. அந்தப் பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடையாது. தெற்கிலிருந்து கப்பலில் கல்லாகவே கொண்டுவந்து கரையில் இறக்கினார்கள். நீற்றாத சுட்ட சுண்ணாம்பின் மேல் கடல்நீர் பட்டால் கொதித்துச் சூடேறும், மரக்கப்பலே தீப்பிடிக்கும். ஆகவே சூளைகள் கரையோரம் முளைத்தன. பக்கத்தில் கும்டிடி என்ற குடாவில் ஒன்று இன்னும் நிற்கிறது. புளித்த மண்ணுக்கு உரமாக வயலுக்குப் போனதுதான் அதிகம், மிச்சம் சுவருக்கு.

நான் பார்க்கப்போன வீட்டில் முன்னறை முழுக்க ஓதம். வீட்டுக்கார அம்மையாரிடம் ஒரு நிறுவனம், தரையிலிருந்து ஏறும் ஈரத்தைத் தடுக்கச் சுவரில் துளையிட்டு ரசாயனம் ஏற்ற வேண்டும் என்று விலை சொல்லியிருந்தது. ஆதாரம், சுவரில் குத்திப் பார்க்கும் ஈரமானி காட்டிய எண். அந்தக் கருவி அளப்பது மின்கடத்தலை. கடலோரச் சுவரில் படிந்த உப்பும், புகைபோக்கியின் கரியோடு இறங்கிய உப்பும் அந்த எண்ணை ஏற்றிவிடும். ஆகையால் சுவரின் வெவ்வேறு உயரங்களில் தூள் எடுத்து, கார்பைடோடு கலந்து எழும் வாயுவின் அழுத்தத்தால் உண்மையான ஈரத்தை அளக்கும் கார்பைடு முறையில் சோதித்தோம். கீழிருந்து ஏறும் ஈரமானால் தரைமட்டத்தில் அதிகமாகவும் மேலே குறைவாகவும் இருக்க வேண்டும். இங்கே முதல் மாடித் தரை மட்டத்தில்தான் சுவர் அதிகம் நனைந்திருந்தது.

காரணம் வெளியே இருந்தது. சில பத்தாண்டுகளுக்கு முன் முகப்பின் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசியிருந்தார்கள். சிமென்ட் விறைப்பு, கரட்டுக்கல் சுவர் மெல்ல அசையும். மயிரிழை விரிசல்கள் விழுகின்றன, மழை அவற்றின் வழியே உள்ளே போகிறது, வெளியேற வழியில்லை. சிமென்ட்டைப் பெயர்த்தபோது பின்னால் இருந்த சாந்து விரலால் தோண்டும் அளவு ஈரமாக இருந்தது. சுவருக்குள் செருகியிருந்த தரை உத்தரங்களின் முனைகளில் இரண்டு உளுத்து உதிர்ந்தன. அதைக் கண்டபோது உண்மையிலேயே கோபம் வந்தது. இருநூறு ஆண்டு நின்ற மரம், பாதுகாக்கிறோம் என்று பூசிய பூச்சால் போனது.

பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்ட கட்டடங்களில் ஒன்று என்பதால் உள்ளாட்சியின் ஒப்புதல் வாங்கினோம். உத்தரங்களின் கெட்ட முனைகளை மட்டும் வெட்டிப் புது மரம் இணைத்தோம். சுண்ணாம்பு வேலையைக் குளிரில் செய்ய முடியாது. ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் இறுகாது, உறைபனி பட்டால் உதிரும். கோடையில் மூன்று பூச்சாக, ஒவ்வொன்றையும் ஈரச்சாக்கால் மூடிக் காயவிட்டு முடித்தார் எங்கள் கொத்தனார். அவசரப்படுத்தினால் சாந்துத் தட்டைக் கீழே வைத்துவிடுவார். சுவர் காய ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. அரை மீட்டர் சுவருக்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும் என்று அம்மையாரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

அடுத்த ஆண்டு அளந்தபோது முகப்பு நன்றாக உலர்ந்திருந்தது. பக்கத்து வீட்டை ஒட்டிய ஓரம் மட்டும் பிடிவாதமாக ஈரம். பக்கத்து வீட்டு முகப்பில் இன்னும் சிமென்ட். இரண்டுக்கும் சுவர் ஒன்று, புகைபோக்கி ஒன்று, கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயும் ஒன்று. பத்திரத்தில் மட்டுமே அவை இரண்டு வீடுகள். நாமோ வீடு வீடாக ஆய்வு செய்கிறோம், வீடு வீடாக அனுமதி கொடுக்கிறோம், மானியமும் அப்படியே. இந்த முறை தவறு என்பது என் உறுதியான கருத்து. வரிசையாகக் கட்டியதை வரிசையாகத்தான் பழுது பார்க்க வேண்டும்.

இப்போது இப்படிப்பட்ட வீட்டுக்கு யார் கூப்பிட்டாலும், இரண்டு பக்கத்துக் கதவையும் தட்டிப் பேசிவிட்டுத்தான் அறிக்கை எழுதுகிறேன். சாரம் கட்டும் செலவே இத்தகைய வேலையில் பெரிய தொகை. மூன்று வீட்டுக்கு ஒரே சாரம் என்றால் பேச்சு சீக்கிரம் படிகிறது.