"இது சிவில் மேட்டர்"னு சொல்லி அனுப்பினவங்க வந்து சேர்ற இடம்

எங்க ஆபீஸுக்கு வர்ற கட்சிக்காரங்கள்ல பாதிப்பேர் நேரா வீட்ல இருந்து வர்றதில்ல, போலீஸ் ஸ்டேஷன்ல இருந்து வர்றாங்க. வேலியைப் பிடுங்கிட்டான், பாதையை அடைச்சுட்டான், கடன் வாங்கிட்டு கையை விரிச்சுட்டான்னு அங்க போய் நின்னா "இது சிவில் மேட்டர், கோர்ட்ல பாத்துக்கோங்க"ன்னு ஒரு ரசீதைக் குடுத்து அனுப்பிருவாங்க. தாலுகா ஆபீஸ்லயும் கதை அதேதான். பட்டா தப்பா இருக்குன்னு நடையா நடந்தா கடைசியில "உரிமையியல் நீதிமன்றத்தில் பரிகாரம் தேடிக்கொள்ளவும்"னு ஒரு உத்தரவு கைக்கு வரும். அதுல முக்கால்வாசி, 1980கள்ல யூ.டி.ஆர்.னு நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்சப்போ ஒருத்தர் பேரு விட்டுப்போயி பக்கத்து நிலத்துக்காரர் பேர் ஏறினதா இருக்கும். அப்பா காலத்துல யாரும் பாக்கல, இப்போ விக்கப்போகும்போதுதான் தெரியுது.

நான் தென் மாவட்டத்துல ஒரு தாலுகா ஊர்ல வக்கீல் குமாஸ்தா. சட்டம் படிச்சவன் கிடையாது. ஆனா பிராது, அதாவது கேஸ் போடுற மனு, டைப் அடிக்கிறது, கோர்ட் ஃபீ போடுறது, ரிட்டர்ன் ஆனதை சரி பண்ணித் திருப்பிப் போடுறது, சம்மன் அனுப்ப பேட்டா கட்டுறது, கோர்ட் உத்தரவை நிறைவேத்துற அமீனாவோட ஊருக்குள்ள போறதுன்னு எல்லாம் பண்ணிப் பண்ணி, ஒரு கேஸ் எங்க நிக்கும் எங்க விழும்னு ஓரளவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. இத்தனை வருஷத்துல எனக்குப் புரிஞ்சது என்னன்னா, கேட்ட கேள்விக்குத்தான் சிவில் கோர்ட் பதில் சொல்லும். நம்ம ஆளுங்க கொண்டு வர்ற வருத்தம் எப்பவுமே அந்தக் கேள்வியை விடப் பெருசா இருக்கும், சண்டையே அங்கதான் வருது.

வர்றவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், "ஜட்ஜ் ஐயா ஒரு தடவை நேர்ல வந்து பாத்தா போதும் அண்ணாச்சி, எல்லாம் தெரிஞ்சிரும்". அவங்க மனசுல கோர்ட்னா யாரோ வந்து விசாரிச்சு உண்மையைக் கண்டுபிடிக்கிற இடம். சிவில்ல விசாரிச்சுக் கண்டுபிடிக்க ஆளே கிடையாது. குற்றவாளின்னு யாரும் இல்ல, வாதி பிரதிவாதின்னு ரெண்டு பேர், ரெண்டு பேரும் கொண்டு வந்து போடுற பேப்பர், ரெண்டு பேரும் கூட்டிட்டு வர்ற சாட்சி, அவ்ளோதான். எவன் ஒண்ணு இருக்குன்னு சொல்றானோ அவன்தான் நிரூபிக்கணும். கிரிமினல் மாதிரி சந்தேகத்துக்கு இடமே இல்லாமன்னு கேக்க மாட்டாங்க, எந்தப் பக்கம் நடந்திருக்க வாய்ப்பு அதிகமோ அந்தப் பக்கம் சாயும். அதனால பேப்பர் உள்ளவன் பிழைச்சான்.

பேப்பர்னா பட்டாவையும் கந்தாய ரசீதையும் மட்டும் தூக்கிட்டு வந்து பெருமையா மேசையில வைப்பாங்க. பட்டா இருந்தா அனுபவத்துக்கு ஒரு சப்போர்ட், ஆனா பட்டா மட்டும் உரிமை தராதுன்னு கோர்ட்டுங்க எத்தனையோ தடவை சொல்லியாச்சு. மூலப்பத்திரம் எங்க, அதுக்கு முந்தின பத்திரம் எங்க, வில்லங்கச் சான்று என்ன சொல்லுதுன்னு எங்க சார் கேட்டா அப்பத்தான் "அது அண்ணன் பீரோவுல இருக்கு"ன்னு வரும். அந்த அண்ணன்தான் பிரதிவாதியே.

சரி, கேள்விக்கு வர்றேன். பிராதுல கடைசிப் பகுதிக்குப் பேரு பிரேயர், நமக்கு என்ன வேணும்னு கேக்குற இடம். பத்துப் பக்கம் கதை எழுதலாம், கோர்ட் பாக்குறது அந்தக் கடைசி நாலு வரியைத்தான், அதுல கேக்காததைக் கூப்பிட்டுக் குடுக்க மாட்டாங்க. ஊர்ல நடக்குற பெரிய தப்பு, செலவு கம்மின்னு வெறும் இன்ஜங்ஷனுக்கு, அதாவது எதிராளி தலையிடக் கூடாதுங்கிற தடை உத்தரவுக்கு, மட்டும் கேஸ் போடுறது. விளம்புகைன்னு, அதாவது சொத்து என்னுதுன்னு சொல்லுங்கன்னு கேட்டா சொத்து மதிப்பைக் கணக்குப் பண்ணி ஃபீஸ் போகும், இன்ஜங்ஷன் மட்டும்னா கொஞ்சத்துல முடிஞ்சிரும். ஆனா எதிராளி தன்னோட பதில் மனுவான எதிருரையில "சொத்தே உன்னுது இல்லப்பா, எங்க தாத்தா கிரயம் வாங்கினது"ன்னு ஒரு பத்திரத்தை நீட்டிட்டான்னா வெறும் இன்ஜங்ஷன் நிக்கிறது கஷ்டம். 2008ல அனதுல சுதாகர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவா சொல்லிருச்சு, உரிமை மேலயே சந்தேகம் வந்தா விளம்புகை கேக்கணும், அனுபவமும் கையில இல்லன்னா சுவாதீனமும், அதாவது நிலத்தைக் கையில எடுத்துக் குடுக்கவும், சேத்துக் கேக்கணும்னு. இதை நான் டீக்கடையில சொன்னாக்கூட "அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம் அண்ணாச்சி, முதல்ல ஒரு ஸ்டே வாங்கிக் குடுங்க"ன்னுதான் சொல்வாங்க. பிறகு பாத்துக்கலாம்னா திருத்த மனு போடணும், எதிர்ப்பக்கம் அதுக்கு ஒரு பதில் போடுவாங்க, அந்த ஐ.ஏ.ங்கிற இடை மனுவுலயே ஒரு வருஷம் ஓடிரும்.

பிரேயருக்குக் கீழ சொத்து விவரம்னு ஒண்ணு வரும், சர்வே நம்பரு, ஏக்கர் சென்ட்டு, செக்குபந்தின்னு நாலு எல்லை. எனக்கு பயமே இந்தப் பகுதியை டைப் அடிக்கும்போதுதான். 3ஏ-வுக்குப் பதிலா 3பி-ன்னு விழுந்தா வேற ஒருத்தன் நிலத்துக்கு நம்ம கேஸ் நடத்துவோம். செக்குபந்தியில "இன்னார் நிலத்துக்கு மேற்கு"ன்னு பழைய பத்திரத்துல இருக்கிறதை அப்படியே எடுத்துப் போடுவாங்க, அந்த இன்னார் செத்து மூணு கை மாறி இப்போ அங்க பிளாட் போட்டுட்டாங்க. டிகிரி, அதாவது தீர்ப்பாணை, ஆகி அமீனா ஸ்பாட்டுக்குப் போய் நின்னா "எது சார் நீங்க சொல்ற இடம்"னு அவரு கேப்பாரு.

சம்மன் விஷயத்துல ஊருக்குள்ள ஒரு ஞானம் உலாவுது, வாங்காம இருந்தா கேஸ் நிக்காதுன்னு. கதவைப் பூட்டிட்டு மாடியில உக்காந்தவங்க எல்லாம் உண்டு. வாங்க மறுத்தாலும் சேந்ததாத்தான் அர்த்தம், கதவுல ஒட்டிட்டு வந்தாலும் கோர்ட் ஏத்துக்கலாம். அப்புறம் பேரைக் கூப்பிடுவாங்க, ஆள் இல்ல, எக்ஸ்பார்ட்டி, அதாவது அவர் இல்லாமலே தீர்ப்பு. அதை ரத்து பண்ண 30 நாள்தான் டைம், தாண்டிட்டா ஏன் தாமதம்னு நாள் கணக்கா விளக்கம் சொல்லி இன்னொரு மனு. சம்மன் வந்தா பேசாம வாங்கிட்டு வக்கீலைப் பாத்து வக்காலத்து போடுறது எவ்ளோ சுலபம். எதிருரைக்கு 30 நாள், கோர்ட் மனசு வெச்சா 90 வரைக்கும்.

நோட்டு கேஸ், அதாவது கடனுக்கு எழுதின புரோநோட்டு கேஸ், தனி உலகம். 3 வருஷம்தான் ஆயுசு, நடுவுல வட்டியோ அசலோ கொஞ்சம் வாங்கி, பின்பக்கம் வரவு வெச்சு, கடன் வாங்கினவரே கையெழுத்து போட்டிருந்தா அந்தத் தேதியில இருந்து புதுசா 3 வருஷம். நிறைய பேர் வரவை அவங்களே எழுதி வெச்சுக்கிறாங்க, கடன் வாங்கினவர் எழுத்தோ கையெழுத்தோ இல்லாத வரவுக்கு மதிப்பு கிடையாது. மே மாசம் சிவில் கோர்ட்டுக்கு லீவு, அந்த லீவுக்குள்ள காலாவதி ஆகுற நோட்டை கோர்ட் திறக்குற அன்னைக்குப் போடலாம்னு சட்டம் இடம் குடுக்குது. அதனால ஜூன்ல திறக்குற முதல் நாள் எங்க ஃபைலிங் செக்‌ஷனைப் பாக்கணும், ஈ-ஃபைலிங் வந்த பிறகும் அன்னைக்கு ஒருத்தர் முகத்துல சிரிப்பு இருக்காது. கொரோனா சமயத்துல 2020 மார்ச் 15ல இருந்து 2022 பிப்ரவரி 28 வரைக்கும் காலக்கெடு கணக்குல சேராதுன்னு சுப்ரீம் கோர்ட் சொன்னதால செத்துப்போச்சுன்னு நினைச்ச நோட்டு சிலது எழுந்து உக்காந்துச்சு. கோர்ட் ஃபீயும் முன்னாடி நூத்துக்கு ஏழரை ரூபா, 2017ல அதை 3 ஆக்கினாங்க, அது நல்ல காரியம், ஏன்னா பணத்தை இழந்தவன்தான் முதல்ல பணம் கட்ட வேண்டியிருக்கு.

எனக்குப் பிடிச்ச நாள்னா கமிஷனர் போற நாள். ஜட்ஜ் நேர்ல வர மாட்டாரு, அவருக்குப் பதிலா ஒரு வக்கீலை கமிஷனரா போட்டு பாத்துட்டு வரச் சொல்வாங்க, கூட தாலுகா சர்வேயர் வருவாரு. ஒரு பாதை கேஸ்ல போயிருந்தோம். ரெண்டு பக்கத்து ஆளும் வந்தாச்சு, சம்பந்தமே இல்லாத ஆளுங்க அதை விட ஜாஸ்தி. சர்வேயர் நில அளவு வரைபடமான எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை விரிச்சு வெச்சுட்டு சர்வே கல்லைத் தேடுறாரு, ஒரு கல்லு முள்ளுக்குள்ள கிடக்கு, இன்னொண்ணு எவன் வீட்டு துவைக்கிற கல்லாப் போச்சோ தெரியல. நாங்க எங்க மெமோவைக் குடுத்தோம், இன்னின்னது இருக்கான்னு குறிச்சுக்கணும்னு. அவங்க அவங்க மெமோ. அப்போ எதிர்ப்பக்கத்து அம்மா ஒருத்தங்க கமிஷனர் கிட்ட வந்து, "ஐயா, இந்தத் தென்னை எங்க வீட்டுக்காரர் நட்டது, நான் கல்யாணம் ஆகி வந்த வருஷம், குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினது நான், எழுதிக்கோங்க"ன்னு சொல்றாங்க. அவர் நிமிர்ந்து மரத்தைப் பாத்தாரு, "சுமார் 25 வருட மதிப்புள்ள காய்ப்பு தென்னை ஒன்று"ன்னு எழுதினாரு. அந்த அம்மா விடல, "யாரு நட்டதுன்னு எழுதலையே". கமிஷனர் கண்ணுக்குத் தெரியுறதைத்தான் எழுத முடியும், யார் அனுபவத்துல இருக்குன்னு எழுதறது அவர் வேலை இல்ல, அது சாட்சிக் கூண்டுல ஏறி சொல்ல வேண்டியது. அவர் பொறுமையா சொன்னாரு, அந்த அம்மாவுக்கு ஏறல. எதிர்க்கட்சின்னாலும் எனக்கு அன்னைக்கு அவங்க பக்கம்தான் மனசு போச்சு.

அதே அம்மா அப்புறம் கூண்டுல ஏறினாங்க. சீஃப், அதாவது சாட்சியோட சொந்த வாக்குமூலம், இப்போ அஃபிடவிட்டாவே போயிருது, அதனால அவங்க வாயால சொல்லக் கிடைச்சது எங்க சார் பண்ணின குறுக்கு விசாரணைக்கு பதில் மட்டும்தான். "தென்னை இருக்கிற இடம் எந்த சர்வே நம்பர்னு உங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா சரிதானே?" "தெரியாது ஐயா." இவ்ளோதான் பதிவாச்சு.

பாகப்பிரிவினை கேஸ் பத்தி சொல்லாம விட முடியாது. தமிழ்நாட்டுல 1989லயே பூர்வீக சொத்துல பொண்ணுங்களுக்குப் பங்குன்னு சட்டம் வந்துச்சு, ஆனா அன்னைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லாமப் போச்சு. 2005ல மத்திய சட்டம் அதையும் எடுத்துட்டு பிறப்பாலேயே உரிமைன்னு ஆக்குச்சு, 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டோட வினீதா சர்மா தீர்ப்பு வந்து 2005ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு அவசியம் இல்லன்னு சொல்லிருச்சு. 2004 டிசம்பர் 20க்கு முன்னாடி பதிவு பண்ணின பாகப்பிரிவினை இருந்தா அதைக் கலைக்க முடியாது, அதனால அண்ணன்மார் எல்லாம் பழைய பத்திரத்தைத் தேடுறாங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட் வளாகத்துலயே சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், போய்க் கேட்டா வக்கீல் தருவாங்க. இதுல முதல்ல வர்றது முதல்நிலைத் தீர்ப்பாணை, உனக்கு நாலுல ஒண்ணுன்னு. அதோட எல்லாரும் லட்டு குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவாங்க. எது அந்த நாலுல ஒண்ணுன்னு அளந்து பிரிக்கிறதுக்கு இறுதித் தீர்ப்பாணை மனு போடணும், மறுபடி கமிஷனர், மறுபடி டேப்பு. ரோட்டோரத் துண்டு யாருக்குன்னு அப்பத்தான் நிஜச் சண்டை ஆரம்பிக்கும்.

ஏன் இழுக்குதுன்னா எல்லாரும் கோர்ட்டையே திட்டுவாங்க. ஒரு பக்கத்துக்கு மூணு வாய்தாவுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கு, நடக்குறது வேற. ஜட்ஜ் மாறுவாரு, வக்கீலுங்க புறக்கணிப்பு வரும், சாட்சிக்கு அன்னைக்குன்னு பாத்து வயித்துவலி வரும். அதோட வயசான பார்ட்டிங்க நடுவுலயே போயிருவாங்க. போனா 90 நாளுக்குள்ள வாரிசைச் சேக்க மனு போடணும், விட்டா கேஸ் அத்துப்போயிரும். அதனால நான் பஸ் ஸ்டாண்டுல கட்சிக்காரங்களைப் பாத்தா "அப்பா நல்லா இருக்காரா"ன்னு கேக்குறது வெறும் பாசத்துல இல்ல. சொன்னா சிரிப்பாங்க, ஆனா எதிர்க்கட்சித் தாத்தாவோட உடம்பையும் விசாரிச்சு வெச்சுக்குவேன்.

ஜெயிச்ச பிறகு ஈ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேத்தச் சொல்ற மனு. ஜெயிச்சவனுக்கு டிகிரி வாங்கின பிறகுதான் கஷ்டமே ஆரம்பிக்குதுன்னு 1872லயே அன்னைக்கு உச்ச கோர்ட்டா இருந்த பிரிவி கவுன்சில் சொல்லி வெச்சிருக்கு, 2021ல சுப்ரீம் கோர்ட் ஈ.பி.யை ஆறு மாசத்துல முடிங்கன்னு சொல்லிருக்கு, நடுவுல 149 வருஷம். நிலத்தை எடுத்துக் குடுக்க அமீனாவோட போனா, கேஸ்ல பேரே இல்லாத மச்சான் ஒருத்தன் வந்து "நான் குத்தகைக்கு இருக்கேன்"னு குறுக்க நிப்பான், அவன் தடையை நீக்க அதுவே ஒரு குட்டி கேஸ் மாதிரி விசாரணை நடக்கும். இதெல்லாம் தெரிஞ்சுதான் எங்க சார் பாதிக் கேஸை சமரசம் பேசி முடிக்கிற லோக் அதாலத்துக்குத் தள்ளப் பாப்பாரு. அங்க முடிஞ்சா அப்பீல் கிடையாது, கட்டின கோர்ட் ஃபீயும் திரும்ப வரும், நேருக்கு நேர் உக்காந்து அந்தத் தென்னை கதையைக் கூட சொல்லலாம், யாராவது கேப்பாங்க.

டிகிரி ஆனதுல இருந்து பணத்துக்கும் நிலத்துக்கும் 12 வருஷத்துக்குள்ள ஈ.பி. போட்டிரணும், நிரந்தர இன்ஜங்ஷனுக்கு மட்டும் அந்தக் கெடு கிடையாது, பேரன் காலத்துல வேலியைப் பிடுங்கினாலும் அதை எடுத்து நீட்டலாம். டிகிரி காப்பியைப் பத்திரமா வைங்க, மூலப்பத்திரத்தையும் பத்திரமா வைங்க, பத்திரம்னதும் நேரா ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க. கோர்ட்ல சாட்சியமா மார்க் பண்ண எக்ஸிபிட் சீல் குத்தணும், அந்த பிளாஸ்டிக் மேல குத்தினா மை நிக்காது, பிரிக்கப் போனா பத்திரமே கிழிஞ்சிரும், பெஞ்ச் கிளார்க் எங்களைத்தான் திட்டுவாரு.