குளிர்காலத்தில் கட்டிய பூச்சிகள்

புலம்பெயர்ந்து வருபவருக்கு ஒரு நாட்டின் சட்டங்களும் சாலைகளும் விரைவில் பழகிவிடுகின்றன. அதன் பூச்சிகள் பலருக்குக் கடைசிவரை அறிமுகமாவதே இல்லை. கனடாவில் குடியேறிய எனக்கு அவை அறிமுகமானதற்கு, மீனைக் கவர, தூண்டில் முள்ளில் ஃபோம் என்ற நுரைப்பொருளால் செயற்கைப் பூச்சி கட்டும் பொழுதுபோக்கே காரணம். கற்றுத்தர ஆளில்லாததால், சீக்கிரம் இருட்டிவிடும் குளிர்கால மாலைகளில் மேசையோரம் வைஸ் என்ற சிறிய பிடிப்புக் கருவியைப் பொருத்தி, அதில் முள்ளை இறுக்கி, நானாகவே பழகினேன்.

ட்ரவுட் மீனுக்கான செயற்கைப் பூச்சிகளை இறகாலும் உரோமத்தாலும் கட்டுவதே பழைய மரபு. அவை அழகானவைதாம், ஆனால் நீரில் ஊறிவிடும், அடிக்கடி உலர்த்த வேண்டும். ஃபோமிலுள்ள நுண்ணிய காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியிருப்பதால் நீர் உட்புகுவதில்லை, பூச்சி மிதந்துகொண்டே இருக்கும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள ஃபோம் ஷீட்டும் நூலும் சில ரப்பர் கால்களும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

ஆயினும் கைக்கு இது அவ்வளவு எளிதில் அடங்கும் பொருளன்று. மெல்லிய நூலைச் சட்டென்று இழுத்தால் ஃபோம் அறுந்துவிடும். தளர்வாக விட்டால் பூச்சியின் உடல் முழுவதும் முள்ளின் தண்டைச் சுற்றி உருளும். எனவே முதலில் தண்டின் மீது நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஒரு சொட்டு சூப்பர் குளூ இட்டு, ஃபோமை வைத்தபின் முதலிரண்டு சுற்றுகளை மென்மையாகப் போட்டு, பிறகே படிப்படியாக இறுக்க வேண்டும். சுற்றுகள் கூடக்கூடக் காற்றறைகள் நசுங்கி மிதக்கும் திறன் குறையும். முள்ளின் வளைவுக்குள் இருக்கும் இடைவெளியை ஃபோம் அடைத்துக்கொண்டாலோ, மீன் கவ்வினாலும் முள் சரியாக ஏறாது.

நான் வாழும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ஆறுகளிலும் ஓடைகளிலும் ஒற்றை முள்ளையே பயன்படுத்த வேண்டும், அதன் நுனியருகே பின்னோக்கி நீட்டியிருக்கும் கூர் இருக்கக் கூடாது என்பது விதி. அக்கூரைக் குறட்டால் நசுக்கும்போது சில வேளை முள்ளே முறிந்துவிடுவதால், கட்டுவதற்கு முன்பே அவ்வேலையை முடித்துவிடுவது நல்லது.

எதைக் கட்டுவது என்ற கேள்விதான் என்னை ஆற்றங்கரைப் புல்லையும் மரப்பட்டையையும் உற்றுப் பார்க்க வைத்தது. வசந்தத்தின் பிற்பகுதியில், மரத்தைக் குடையும் பெரிய கறுப்பு எறும்புகள், மழைக்குப்பின் கிளம்பும் ஈசலைப் போல இறகோடு பறந்து நீரில் விழுகின்றன. அப்போது இரு உருண்டைகளுக்கு நடுவே ஒடுங்கிய இடையோடு ஃபோம் எறும்பு கட்ட வேண்டும், ஏனெனில் அந்த இடைதான் எறும்பைக் காட்டிக்கொடுக்கிறது. கோடையின் இறுதியில், காய்ந்த புல்லிலிருந்து வெட்டுக்கிளிகளைக் காற்று ஆற்றுக்குள் தள்ளும்போது பெரிய உடலும் நீண்ட கால்களும் தேவை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிரீன் ஆற்றில் புகழ்பெற்ற ‘செர்னோபில் எறும்பு’ என்ற ஃபோம் பூச்சி, பெயரளவில்தான் எறும்பு. வெட்டுக்கிளிக் காலத்திலும் அதற்கு வேலை உண்டு.

மீன் கீழிருந்தே பார்க்கிறது. ஆதலால் வயிற்றின் வடிவிலும் கால்களின் அசைவிலும் செலுத்தும் கவனத்தை, முதுகை அலங்கரிப்பதில் வீணாக்க வேண்டியதில்லை. முதுகில் நான் ஒட்டும் ஆரஞ்சுத் துண்டு, அலைகளுக்கிடையே பூச்சி எங்கே மிதக்கிறது என்று என் கண் அறிவதற்காக மட்டுமே.