டேபும் ஸ்பேஸும்

மார்ச் 4, செவ்வாய்

பேட்ச் (கோடில் எந்த வரியை நீக்கி எதைச் சேர்ப்பது என்ற பட்டியல்) போடும் கருவிக்குப் புதுப் பையன் எழுதிய மாற்றம் ரிவ்யூவுக்கு வந்திருக்கிறது. வரிக்கடைசி ஸ்பேஸை வெட்டுவது, வரித் தொடக்கத்து டேபை ஸ்பேஸாக்குவது, அவ்வளவுதான். சின்ன மாற்றம் என்றாலே எனக்குப் பயம்.

அக்கா போன் எடுக்கவில்லை.

மார்ச் 5, புதன்

சேர்க்கும் வரிகளைத் திருத்தட்டும். கான்டெக்ஸ்ட் வரிகளை, அதாவது இடத்தை அடையாளம் காட்டச் சுற்றி வரும் மாறாத வரிகளை, ஏன் தொடுகிறான் என்று கேட்டிருந்தேன். பதில் நியாயம்தான்: முதல் பேட்ச் ஸ்பேஸை வெட்டிவிட்டால், பழைய கோப்பை வைத்து எடுத்த இரண்டாவது பேட்ச் பொருந்தாது. ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் சுத்தம் செய்யணும். சரி. பொருந்திய பிறகு கோப்பில் இருந்த வரி அப்படியே நிற்க வேண்டாமா? பேட்சில் இருப்பதை எழுதிவிடுகிறான். மேக்ஃபைலில் (மேக் என்ற பில்டு கருவி படிக்கும் கட்டளைக் கோப்பு) இது நடந்தால் பில்டு அங்கேயே படுத்துவிடும். கட்டளை வரிக்கு முன்னால் டேப் இல்லையென்றால் மேக் ஒத்துக்கொள்ளாது, 1976-லிருந்தே அதன் குணம் அது.

மார்ச் 6, வியாழன்

அக்காவுக்கு இன்னும் பிரசவ வலி எடுக்கவில்லையாம். அம்மாவுக்குத்தான் பிரஷர் ஏறுகிறது.

மார்ச் 7, வெள்ளி

தூக்கமில்லை. போனைப் பார்ப்பதும் கோடைப் பார்ப்பதுமாக இரவு போனது. நினைவக ஒதுக்கீடு உறுத்திக்கொண்டே இருந்தது. பழைய நீளத்துக்கு இடம் எடுத்து, திருத்திய வரியை அதில் எழுதுகிறான். ஸ்பேஸை வெட்டினால் வரி குறுகும், சிக்கல் இல்லை. டேபை விரித்தால்? ஒரு பைட் எட்டாகலாம். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் பேட்ச் போடும் கட்டளையான கிட் அப்ளையிலேயே இதே ஓட்டை இருந்து 2015-ல் அடைத்தார்கள். உள்தள்ளல் ஆழமான ஒரு கோப்பு போதும், அடுத்தவன் நினைவகத்தில் எழுதிவிடும். இதையா நேற்று ஒருத்தர் பார்த்து "ஓகே" போட்டார்! எரிச்சலாக வருகிறது. டேபால் நிறைந்த கோப்புக்கு டெஸ்ட் கேட்டிருக்கிறேன். அது வராமல் ஒப்புதல் கிடையாது.

மார்ச் 8, சனி

டெஸ்ட் வரவில்லை. போனும் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

வெற்றுக் கான்டெக்ஸ்ட் வரியில் ஒரே ஒரு ஸ்பேஸ் இருக்கணும். பேட்சை மெயிலில் அனுப்பினால் சில மெயில் நிரல்கள் அதையும் தின்றுவிடும். கிட் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறது, இவன் "பேட்ச் கெட்டுப்போனது" என்று துரத்துகிறான். திருத்தச் சொன்னேன், கொஞ்சம் கடுமையாகவே. மாமா மெசேஜ்: "கூட்டிப்போகிறோம்." எங்கே, எப்போது என்று எதுவும் இல்லை.

மார்ச் 10, திங்கள்

டெஸ்ட் வந்துவிட்டது. நீளத்தையும் முன்கூட்டியே எண்ணுகிறான், நல்ல பையன். ஆனால் எண்ணும் இடத்தில் டேப் அகலம் 8 என்று நேரடியாக எழுதியிருக்கிறான், விரிக்கும் இடத்தில் செட்டிங்கிலிருந்து எடுக்கிறான். எவனாவது 16 என்று வைத்தால்?